தீந்தழையும் அதற்கு உரியோரும்

மருந்துக் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் பச்சை வண்ணப் பொதிகளில் வெண்பொடி ஒன்று இப்போது விலையாகின்றது. 'இசுட்டீவியா' என்று அதன்மேல் எழுதியிருக்கும். 'இயற்கை இனிப்பு', 'நீரிழிவாளர்க்கு ஏற்றது', 'உடலைப் பருக்கச் செய்யாதது' என்னும் விளம்பரச் சொற்களும் உடனிருக்கும். நீரிழிவு நம் தெருக்கள்தோறும் புகுந்துவிட்ட நோய். ஆகவே நம் அன்பர் பலரும் இதனை வாங்கித் தேநீரில் இட்டுக் குடிக்கின்றனர். குடிக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை தெரிந்திருத்தல் நலம். அப்பொதியில் உள்ளது என்ன? அது செய்வதாகச் சொல்லப்படுவனவற்றுள் மெய்யெவை, பொய்யெவை? அஃது எவருடைய பொருள்? முதலிரண்டையும் பற்றி மருத்துவர்கள் ஓரளவு எழுதுகின்றனர். மூன்றாவதைப் பற்றி எழுதுவார் மிகச் சிலர். எனவே, கடைசி வினாவையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

தென்னமெரிக்காவில் பராகுவை நாட்டின் வடகிழக்கே, பிரேசில் எல்லையை ஒட்டி, அமம்பாய் என்னும் மலைத்தொடர் உள்ளது. அதனைச் சூழ்ந்த புல்வெளிகளில் தானே முளைத்து, இடுப்பளவுக்குங் குறைவாகவே வளர்ந்து, வெண்ணிறச் சிறுபூக்கள் பூக்கும் ஓர் எளிய செடிதான் இது. அந்நிலத்தின் முதன்மக்கள் குவரானியர். அவர்களுள்ளும் பாய் தவித்தெரா, கையோவா என்னும் குடியினர் இச்செடியை நெடுங்காலமாக அறிந்தவர்கள். மாத்தே என்னும் இலையைச் சுரைக்குடுக்கையில் இட்டு, நீர் வார்த்து, குழல்வழி உறிஞ்சிக் குடிப்பது அந்நாட்டு வழக்கம். மாத்தே கைக்கும். அக்கைப்பைத் தணிக்க இச்செடியின் இலை ஒன்றிரண்டைக் கிள்ளிப் போடுவர். கைப்பு மருந்துகளை உட்கொள்ளவும் அவர்க்கு இவ்விலையே துணை. கரும்பாலையும் வெண்சருக்கரையும் அந்நிலத்தை எட்டிப்பார்க்குமுன்பே இனிப்புக்கு வழிகண்டுகொண்ட மக்கள் அவர்கள்.

அவர்கள் அதற்கிட்ட பெயர் 'கஆ எஎ' என்பது. (இரண்டாஞ் சொல்லின் முதலில் மெல்லிய மூச்சொலி ஒன்றுண்டு, அதற்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. அதனால் நமக்கு ஓர் இழுக்குமில்லை.) முதற்சொல்லுக்குத் தழை, பூண்டு என்று பொருள், அடுத்தது இனிப்பு. இனிய தழை. அவ்வளவுதான். செடியைக் கண்டான், கிள்ளினான், சுவைத்தான், சுவையையே பெயராக்கினான். பொருளைக் கண்டவன் வாயிற் பிறக்கும் பெயர் அப்படித்தான் இருக்கும்.

இனி, உலகம் அதற்கிட்ட பெயரைக் காணுங்கள். சுவிட்சர்லாந்தினின்று பராகுவையிற் குடியேறிய பெர்தோனி என்னும் நிலைத்திணையியலார், 1887இல் அந்நிலத்து மக்கள் வாயிலாக இச்செடியைப் பற்றிக் கேள்வியுற்றார். 1899இல் அதனை அறிவியல் உலகுக்கு எழுதி அறிவித்தார். 1905இல் அதன் இனத்தை மாற்றி, இப்போது வழங்கும் 'இசுட்டீவியா இரெபாடியானா பெர்தோனி' என்னும் பெயரை நிலைப்படுத்தினார். இப்பெயரில் மூவர் உளர். இறுதியில் நிற்பவர் பெர்தோனியே. நடுவில் நிற்பவர் இரெபாடி. அதன் இலையை முதன்முதல் வேதியல் முறையில் ஆய்ந்த அறிஞர். தலைப்பில் நிற்பவர் எசுத்தேவே. எசுப்பானிய நாட்டு வலென்சியா நகரில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர். பராகுவைச் செடியை அவர் கண்ணாற் கண்டவரல்லர். அவர் இறந்து இருநூறு ஆண்டு கழித்து, ஒரு செடியினத்துக்கு அவர் பெயரைப் பிறர் சூட்டினர். அவ்வினத்துள் இத்தழையும் சேர்க்கப்பட்டதால் இதற்கும் அப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அறிஞர் மூவர்க்குப் பெயருக்குள் இடம் கிடைத்தது. பெர்தோனிக்கு வழிகாட்டிய குவரானியனுக்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை.

நம் முன்னோர் இவ்வாறு செய்தாரில்லை. அதியமான் நெடுமானஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்பதைப் புறநானூறு ஒளவையின் வாயாற் பதிந்து வைத்துள்ளது. ஓர் இன்பயிரைக் கொணர்ந்தாரைக் குடியோடு சேர்த்து நினைவில் வைத்த மரபு நம்முடையது. அம்மரபில் வந்தோர் குவரானியர் பெயரைச் சொல்லாமல் அவர் தழையைச் சுவைப்பது முறையாகாது.

இங்கு ஒன்றை இடையே சொல்லிவைக்க வேண்டும். குவரானி ஏதோ மறைந்தொழிந்த மொழியன்று. பராகுவையின் 1992ஆம் ஆண்டு அரசமைப்பு அதனை எசுப்பானியத்தோடு ஒப்ப ஆட்சிமொழியாக்கியது. அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர், குவரானிக் குடியிற் பிறவாதவரும், அதனைப் பேசுகின்றனர். எனினும் நகரங்களில் எசுப்பானியச் சொற்கள் விரவிய கலவைப் பேச்சே மிகுதி. அதற்கு அவர்கள் வைத்துள்ள பெயர் 'சோபரா'. கலப்பு என்று பொருள். பயறும் மக்காச்சோளமும் சேர்த்துக் காய்ச்சும் கூழுணவுக்கும் அங்கே அதே பெயர்தான். நம்மூரில் வானொலியும் தொலைக்காட்சியும் பேசும் தமிழுக்கு நாம் இன்னும் இத்தகைய பொருத்தமான சமையற்பெயர் ஒன்று கண்டோமில்லை.

பெயர் போனது ஒருபுறம். பொருளும் போயிற்று. 1970களின் தொடக்கத்தில், செயற்கை இனிப்பொன்றைத் தடைசெய்திருந்த சப்பான் நாடு இத்தழையின் பிழிவை முதன்முதல் பெருவணிகப் பொருளாக்கியது. இன்று மிகுதியாக இதனைப் பயிரிடும் நாடு சீனம். அமெரிக்க நாட்டில் நடந்ததோ நகைப்புக்குரியது. 1991இல் அந்நாட்டு உணவு மருந்தாட்சியம் இதன் இறக்குமதியைத் தடுத்தது. 1995இல் 'ஊட்டத்துணை' என்று எழுதி விற்றால் தடையில்லை என்றது. அதே இலையை 'இனிப்பு' என்று எழுதினால் குற்றம்! 2008 இறுதியில், பெருநிறுவனங்கள் இலையினின்று பிரித்துத் தூய்மை செய்த சேர்மத்தை உணவிற் சேர்க்க மறுப்பில்லை என்று அறிவித்தது. இலைக்கும் தூய்மை செய்யாப் பிழிவுக்கும் அவ்விசைவு இல்லை. காட்டு மக்கள் வழிவழியாக வாயிலிட்டு வந்த வடிவம் ஐயத்துக்குரியது. ஆலையிற் பிழிந்து வடித்த வடிவம் ஏற்புடையது. ஆலைப்பொருளை முறையாக ஆய்ந்து காட்டினர். இலையை ஆய்ந்து காட்டப் பணமுடையார் எவருமிலர் என்பதே இதற்கு அவர்கள் கூறும் கரணியம். அதில் உண்மையும் உண்டு. ஆயின், ஆய்வுக்குப் பணம் எங்கே உண்டோ அங்கேதான் இசைவும் உண்டு என்றாகும்போது, ஏழை மக்களின் அறிவு என்றும் ஐயப்பொருளாகவே கிடக்கும்.

இப்போது இலையும் வேண்டுவதில்லை. மரபணு மாற்றிய நொதியுயிரைத் தொட்டியில் வளர்த்து, அதன் வயிற்றிலிருந்தே இவ்வின்பொருளை வடிக்கும் ஆலைகள் வந்துவிட்டன. வழிமுறைகளுக்கெல்லாம் காப்புரிமை எழுதப்பட்டுள்ளது. 1992இல் உலக நாடுகள் செய்துகொண்ட உயிரினப் பன்மை உடன்படிக்கையும், அதன்கீழ் 2010இல் சப்பானின் நகோயாவில் எழுந்த ஒப்பந்தமும், பழங்குடியினர் அறிவால் ஈட்டும் பயனில் அவர்க்குப் பங்குண்டு என்று கூறுகின்றன. 1992 உடன்படிக்கையில் அமெரிக்கா சேரவேயில்லை. 2015இல் சுவிட்சர்லாந்து, செருமனி, பராகுவை நாடுகளின் அமைப்புகள் சில ஒன்றுகூடி இத்தழை குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டு, குவரானியர்க்குரிய பங்கை நிறுவனங்கள் தரவேண்டும் என்று கேட்டன.

இவற்றுக்கெல்லாம் மேலான கொடுமை ஒன்றுண்டு. எல்லைக்கு அப்பால் பிரேசிலின் தென் மாத்தோ குரோசோ மாநிலத்தில் கையோவாக் குவரானியரின் நிலம் மாட்டுப் பண்ணைகளுக்கும் சோயாவுக்கும் கரும்புக்கும் பறிபோயிற்று. நிலமிழந்தோர் நெடுஞ்சாலை ஓரங்களில் கூடாரமிட்டு வாழ்கின்றனர். அவர்களிற் பலர் கரும்பு வெட்டும் கூலிகளாயினர். சருக்கரைக்கு மாற்றினை உலகுக்குத் தந்த மக்கள் சருக்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகின்றனர்! தம் மண்ணில் தாம் உரிமையற்று நிற்பது எத்தகையது என்பதைத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டா.

இனி, நாம் இதனை எப்பெயரால் அழைப்பது? 'சீனித்துளசி' என்று நாற்றுப்பண்ணைகளில் எழுதி வைத்துள்ளனர். 'இனிப்புத்துளசி' என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. துளசி என்பது வடவர் வடிவம்; நம் இலக்கியம் அறிந்தது துழாய். அதனைத் துழாய் என்று திருத்தினாலும் பிழை தீராது. ஏனெனில் இச்செடி துழாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. பொழுதுவணங்கி என்னும் சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனி என்னுஞ் சொல்லோ எதற்கு மாற்றாக இதனைக் கொள்கிறோமோ அதன் பெயரையே இதன் தலையிற் கட்டுகின்றது. குவரானியர் இட்ட பெயரை அப்படியே பொருள்பெயர்த்தால் நேர்மையும் ஆகும், தமிழும் ஆகும். 'இன்னிலை' எனலாம் என்று முதலில் தோன்றும்; ஆனால் அப்பெயரில் பழைய நூலொன்று இருப்பதால் மயக்கம் வரும். தீங்கனி, தீம்பால், தீந்தமிழ் என்பவற்றின் அடியொற்றித் 'தீந்தழை' என்றால் என்ன? கஆ எஎ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நேராகின்றது. இனி இக்கட்டுரையில் அப்பெயரே வரும். இதனினுஞ் சிறந்த சொல் எவரேனும் ஆக்கித் தரின் மகிழ்ந்து ஏற்போம்.

தீந்தழையின் இனிமை எங்கிருந்து வருகின்றது? இசுட்டீவியால் என்னும் அடிச்சேர்மத்தோடு குளுக்கோசு அலகுகள் பல பிணைந்த மூலக்கூறுகள் அதன் இலையில் உள்ளன. அவற்றுள் ஒன்றை 1931இல் பிரான்சு நாட்டு வேதியலார் இருவர் தனியே பிரித்தெடுத்தனர். இவை வெண்சருக்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பன. ஒரு தேக்கரண்டிச் சருக்கரையின் இனிமைக்கு 20 மில்லி கிராம் அளவே போதும். நாம் உண்டபின் இம்மூலக்கூறு இரைப்பையிலும் சிறுகுடலிலும் சிதைவதில்லை, உள்ளேறுவதுமில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதன் குளுக்கோசுப் பகுதியைக் கழற்றித் தாமே தின்றுவிடுகின்றன. எஞ்சும் இசுட்டீவியால் அரத்தத்திற் கலந்து, கல்லீரலில் மாற்றமுற்று, சிறுநீர்வழி வெளியேறுகின்றது. ஆகவே அரத்தச் சருக்கரை இதனால் ஏறுவதில்லை. உடலுக்கு ஆற்றலும் சேர்வதில்லை. வாயிலுள்ள நுண்ணுயிர்களும் இதனைப் புளிக்கச் செய்ய மாட்டா. எனவே பற்சொத்தைக்கு இது துணைபோவதில்லை. இவ்வளவும் உறுதியான செய்திகள்.

(நம் நாட்டுச் சிறுகுறிஞ்சான் இதற்கு நேர்மாறானது. அதன் இலையை மென்றுவிட்டுச் சருக்கரையை வாயிலிட்டால் மணலை மெல்வது போலிருக்கும். நாவின் இனிப்புணர்வையே அது சிறிதுபொழுது மூடிவிடுகின்றது. ஒரு தழை சருக்கரையின்றி இனிப்பைத் தருகின்றது. மற்றொன்று சருக்கரை இருந்தும் இனிப்பைப் பறிக்கின்றது.)

உறுதியல்லாதவை அடுத்து வருகின்றன. தீந்தழை நீரிழிவைத் தீர்க்கும், அரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று துண்டறிக்கைகள் கூறுகின்றன. மிகுந்த அளவில் கொடுத்த சில ஆய்வுகளில் அழுத்தம் ஓரளவு தணிந்ததுண்டு. வேறு ஆய்வுகளில் ஒன்றும் நேரவில்லை. தீந்தழையின் தாய்நாடான பராகுவையிலேயே 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 750 மில்லி கிராம் வீதம் மூன்று திங்கள் கொடுத்துப் பார்த்தனர். நீரிழிவாளரின் சருக்கரையும் குறையவில்லை, அழுத்தமும் குறையவில்லை, தீங்கும் விளையவில்லை. ஆகவே இது மருந்தன்று. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதனை நம்புவார் தம் கண்ணையும் சிறுநீரகத்தையும் பணயம் வைப்பவராவர்.

உடல் மெலியும் என்பதும் அத்தகையதே. உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே திங்களில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடலெடையைக் குறைக்கும் பொருட்டுச் சருக்கரையல்லா இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டா என்று கூறியது. தீந்தழைப் பிழிவும் அப்பட்டியலில் அடங்கும். முன்னரே நீரிழிவு உடையார்க்கு அவ்வழிகாட்டுதல் பொருந்தாது என்பதையும் அதிலேயே குறித்துள்ளனர். அவர்கள் சருக்கரைக்கு மாற்றாக இதனைக் கொள்வதில் பொருளுண்டு. எவ்வளவு கொள்ளலாம்? உலக வல்லுநர் குழு வகுத்த அளவு, உடலெடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லி கிராம் இசுட்டீவியால். 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 240 மில்லி கிராம். இனிப்புக் கணக்கில் ஏறத்தாழ 140 கிராம் சருக்கரைக்கு ஈடு. இரண்டு மூன்று குவளைத் தேநீர் குடிப்பவர் இவ்வெல்லைக்கு வெகுதொலைவில் நிற்பர். ஆயினும் இவ்வளவு தூய்மை செய்த பொருளுக்கே வகுத்தது, இலைக்கன்று. கருவுற்ற மகளிர் மருத்துவரைக் கேளாமல் இலைப்பொடியை உண்ண வேண்டா.

நம்மவரிடம் உள்ள ஒரு மயக்கத்தையும் இவ்விடத்தே வெளிப்படச் சொல்லிவிடுகிறேன். சிலர்க்குச் சினம் வரலாம். வெண்சருக்கரை வெள்ளையன் சரக்கு. கருப்பட்டியும் நாட்டு வெல்லமும் நம்முடையன. ஆகவே அவை நீரிழிவாளர்க்குத் தீங்கு செய்யா என்று நம் மேடைகளிலேயே பேசக் கேட்கின்றோம். பனையை நாம் போற்ற வேண்டும், பனைத்தொழிலாளர் வாழவேண்டும், கருப்பட்டியின் சுவையும் மணமும் ஆலைச்சருக்கரைக்கு வாரா. ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சருக்கரையே. அரத்தத்திற் சேர்ந்தபின் அது எம்மரத்தினின்று வந்தது என்று உடல் வினவுவதில்லை. நோயற்ற பிள்ளைகளுக்குக் கருப்பட்டி கொடுங்கள். நோயுற்ற தந்தைக்கு இனப்பற்றின் பெயரால் அதனைக் கொடாதீர்கள்.

பொதியை வாங்குவோர் அதன் பின்புறத்தைப் படிக்க வேண்டும். 20 மில்லி கிராம் பொருளைத் தனியே எடுத்துக் குவளையிலிட எவராலும் ஆகாது. அதனால் வணிகர் வேறு பொடிகளைக் கலந்து பருமனாக்குகின்றனர். சில பொதிகளில் மால்ட்டோ தெக்சிட்ரின் அல்லது தெக்சிட்ரோசு இருக்கும். இவை அரத்தச் சருக்கரையை விரைந்து ஏற்றுவன. 'நீரிழிவாளர்க்கு ஏற்றது' என்று முகப்பில் எழுதி, உள்ளே இவற்றை நிரப்புவது எவ்வகை நயன்மையோ! வேறு சிலவற்றில் எரித்திரிட்டால் இருக்கும். அது சருக்கரையை ஏற்றாது. ஆனால் அரத்தத்தில் அது மிகுந்திருப்பார்க்கு நெஞ்சக நோய்கள் மிகுதியாக வருவதாக 2023இல் ஓர் ஆய்வு கூறியது. அதுவே நோய்க்கு வித்து என்று அவ்வாய்வு மெய்ப்பிக்கவில்லை. கருத்திற் கொள்ளத் தகும். தீந்தழைச் சேர்மத்துக்குரிய உணவுச் சேர்க்கை எண் 960. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் இதற்கு இசைவு தந்தது. பொதியில் அவ்வெண் முதலில் உள்ளதா, இறுதியில் உள்ளதா என்று பாருங்கள். பெரும்பாலும் இறுதியில்தான் கிடக்கும்.

சமையலில் இதன் எல்லையும் அறியத்தக்கது. கொதிக்கவைத்தால் கெடாது, ஆகவே தேநீர், கூழ், பாயசம் எல்லாவற்றுக்கும் ஆகும். பாகு காய்ச்ச முடியாது. அதிரசமும் கடலைமிட்டாயும் இதனால் ஆகா. அவற்றுக்குச் சருக்கரையின் பருமனும் பிசுபிசுப்பும் வேண்டும். ஊறுகாய்க்கும் பழக்கூழுக்கும் சருக்கரை தரும் கெடாக்காப்பை இது தராது. நாவில் இனிமை சற்றுப் பிந்தித் தோன்றி நெடுநேரம் நிற்கும். இறுதியில் அதிமதுர வேரை மென்றாற்போன்ற ஒரு கைப்பு. சிலர்க்கு அது பிடிப்பதேயில்லை.

வீட்டில் வளர்க்க விரும்புவார் விதையை நம்ப வேண்டா, முளைப்பது அரிது. தண்டுத் துணுக்குகளை நட்டால் வேர்கொள்ளும். நீர் வடியும் செம்மண் நன்று. வேரில் நீர் தேங்கினால் அழுகும். பகற்பொழுது குறுகுங்கால் பூக்குஞ் செடியாதலின், நம் நாட்டில் விரைவிற் பூத்துவிடும்; பூத்தபின் இலையின் இனிமை குறையும். மொட்டு விடுமுன் தண்டை அறுத்து, இலைகளை நிழலில் உலர்த்தி, இடித்துப் பொடித்துக் காற்றுப் புகாமல் வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த பொடி சருக்கரையைவிடப் பத்து மடங்குக்கு மேல் இனிக்கும். ஒரு குவளைத் தேநீருக்குச் சிட்டிகையளவு போதும், மிகுந்தாற் கைக்கும்.